பராசக்தி வெட்டிய வீதி

களனி ஆறு பெருகிக் கொழும்பின் தெருக்கள் மூழ்கிய அந்த வைகாசியில், யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் அந்த அகதிகளுக்காக வீடு வீடாகப் பிடியரிசி தண்டப் போனவன் நான்தான். அப்போது எனக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. வயற்கரையில் தனியே இருந்த விதவை பராசக்தி, பானையில் கிடந்த அரிசியில் பாதியை என் ஓலைக் கடகத்தில் கொட்டினாள்.

"ஆத்துத் தண்ணி வீட்டுக்கை வந்தால் என்ன பாடெண்டு எனக்குத் தெரியும், வாத்தியார். கொண்டுபோங்கோ" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவளுடைய எட்டுப் பரப்பு வயலும் வழுக்கையாற்றின் ஓரம். மாரியில் மட்டும் ஓடுகிற ஆறுதான். ஓடுகிற நாளில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். முந்திய வருஷம் அரசாங்க வீதி வேலை பார்க்கும் ஓவசியர் ஒருவர் வந்து அதற்குக் குறுக்கே வீதி போட்டார். அத்தனை தண்ணீரும் போக அவர் வைத்த மதகில் ஒரு கிடாய் நுழைந்தால் கொம்பு தட்டும். அந்த மாரியில் வெள்ளம் தேங்கி அவளுடைய பயிர் முழுக்க அழுகிப் போயிற்று. இன்னொரு வருஷமும் போனால் வயலை விற்றுவிட்டு, பிறத்தியார் வீட்டில் நெல்லுக் குத்தத்தான் அவள் போகவேண்டும்.

மதகைப் பெருப்பிக்கச் சொல்லி அவளுக்காக மூன்று பெட்டிசம் எழுதினேன். மூன்றாவதற்குத்தான் அரசாங்கக் கந்தோரிலிருந்து மறுமொழி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாதாம். வரைபடத்தில் இல்லாத ஆற்றுக்கு மதகு பெருப்பிக்க வழியில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களனி பெருகினால் நாடு முழுக்க அரிசி தண்டுவார்கள். எங்கள் வெள்ளத்தை மட்டும் கடதாசியில் தேடுவார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வயலில் முழங்கால் நனைய நின்றிருந்தால் தெரிந்திருக்கும் இந்தத் துரைமாருக்கு!

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. பட்டப்பகலில் பராசக்தி மண்வெட்டியோடு போய் வீதியைக் குறுக்கே வெட்டினாள். ஊர் குடை பிடித்துக்கொண்டு பார்த்தது. "வெட்டும், பராசக்தி, விடாதையும்!" என்று கத்தியதோடு என் வீரம் சரி. பொழுதுபடுவதற்குள் தண்ணீர் வடிந்து பயிர் தப்பியது.

அவள் தப்பவில்லை. அரசாங்க வீதியை உடைத்ததாக வழக்கு. விளக்க நாளில் கோட்டு விறாந்தையில் ஓவசியர் என்னை மறித்து, "நீர் அரசாங்கச் சம்பளம் எடுக்கிறனீர். யோசிச்சுக் கதையும்" என்றார். எவ்வளவு திமிர்!

உள்ளே பராசக்தி சொன்னது இவ்வளவுதான்: "ஆத்தை மறிச்சது அவையள், ஐயா. நான் திறந்துதான் விட்டனான். வாத்தியாரைக் கேளுங்கோ, பெட்டிசம் எழுதினவர் அவர்தான்."

நீதவான் என் பக்கம் திரும்பினார். "அந்த இடத்தில் ஆறு இருக்கிறதா?"

எனக்கு நாலு பிள்ளைகள். "இல்லை, ஐயா" என்றேன்.

அவளை மூன்று மாதம் மறியலில் அடைத்தார்கள். தையில் ஆள் பிடித்து, நானும் அரிவாளோடு இறங்கி, அவளுடைய நெல்லை வெட்டிச் சூடடித்து அவள் வீட்டில் சேர்த்தேன். அதைச் செய்தால் நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன், மடையன்.

மறியலால் வந்த அன்றே பராசக்தி ஒரு சாக்கு நெல்லைச் சுமந்துவந்து என் முற்றத்தில் போட்டாள்.

"வெட்டுக்கூலி" என்றாள். "இனி என்ரை படலை திறவாதையுங்கோ."