பன்னெண்டாவது கல்லுப் பொட்டு

ஞானஜோதி டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. செத்தாலும் வராது. அதனாலதான் நான் நடுவுல பூந்தேன்.

டீச்சர் எங்க கீழ்க்கட்டளை காலனியில மூணாவது வீடு. முப்பத்தொரு வருஷம் தாவரவியல் நடத்தி ரிட்டயரானவங்க. காலங்கார்த்தால ஜெபம் முடிச்ச கையோட லென்ஸும் ஸ்கேலுமா கொடிக்கம்பத்தடியில வந்து உக்காந்துடுவாங்க. கம்பத்தைச் சுத்தி அரியலூர் சுண்ணாம்புக்கல் பன்னெண்டு. அதுல ஒண்ணே ஒண்ணுல கறுப்பா ஒரு லைக்கன். பாசியும் பூஞ்சையும் ஒண்ணா குடித்தனம் பண்ற உயிராம். ஒன்பது வருஷத்துல கடுகு அளவுலேர்ந்து சுண்டைக்காய் அகலத்துக்கு வந்திருக்கு. அடேங்கப்பா, என்னா வேகம்!

இந்த வருஷம் எங்க வீட்டுக்காரர் யக்ஞநாராயணன் காலனி செக்ரட்டரி ஆயிட்டார். ஆகஸ்ட் பதினஞ்சுக்குக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கணும்னு ஆர்டர் போட்டார்.

"அது உசிரோட இருக்கு சார். சுண்ணாம்பு பட்டா செத்துடும்"னு டீச்சர் கெஞ்சினாங்க.

"அது அழுக்கு டீச்சர்"னு சிரிச்சார்.

டீச்சர் என் சமையல்கட்டுல வந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்கு வந்ததே கோபம்! இந்த மனுஷன் எதுக்கு மசிவார்னு எனக்குத் தெரியாதா? வாசல்ல பூசணிக்காய், ஸ்கூட்டர்ல எலுமிச்சம்பழம், பேத்தி கன்னத்துல மைப்பொட்டு. எல்லாம் திருஷ்டிக்கு.

"ஆள் எதுக்குங்க, நாங்களே அடிச்சிடறோம்"னு பதினாலாம் தேதி நானும் டீச்சரும் சுண்ணாம்பு வாளியை வாங்கிக்கிட்டோம். பதினோரு கல்லுக்கு அடிச்சோம். டீச்சரோட கல்லைத் தொடல. அது தானாவே வெளுத்த கல்லுதானே. அப்புறம் என் கண்மையை எடுத்து, பதினோரு கல்லுக்கும் அதே அளவுல ஒரு பொட்டு வெச்சேன்.

"ரமா, எங்களுக்கு இந்தத் திருஷ்டியெல்லாம் கிடையாதும்மா"ன்னாங்க டீச்சர்.

"உங்களுக்கா வெக்கறேன்? கல்லுக்குத்தானே, சும்மா இருங்க"ன்னேன்.

மறுநாள் எங்க வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "காலனிக்கே திருஷ்டிப் பொட்டா! சபாஷ்!" கொடி ஏத்தி மிட்டாயும் குடுத்தாச்சு. சாயங்காலம் பிடிச்சுது பாருங்க மழை, கொட்டு கொட்டுன்னு கொட்டித் தீர்த்துடுச்சு.

விடிஞ்சு போய்ப் பார்த்தா பதினோரு பொட்டும் வழிஞ்சு காணோம். ஒண்ணு மட்டும் அப்படியே இருக்கு. எங்க வீட்டுக்காரர் அதை விரலால தேய்ச்சுப் பார்த்தார். போகல.

"டீச்சர், இது மட்டும் எப்படி அழியல?"

நான் டீச்சர் கையைக் கிள்ளினேன். அவங்களுக்குத்தான் பொய் வராதே.

"அது உசிரோட இருக்கு சார்."

எங்க வீட்டுக்காரர் ரெண்டடி பின்னால போய்ச் செருப்பைக் கழட்டினார்.