நிலமில்லாத நாட்டின் வேளாண்மை மந்திரி

விண்ணப்பப் பாரம் நிரப்புற தொழில்ல கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற ஆளை இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் சென்டர் நடத்துற உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடை. ரெண்டு வயசு மக மடியில இருந்தா ஒத்தக் கையாலயே டைப் அடிச்சிருவேன்.

நாடு எங்கன?

எப்போதும்வென்றான் ஊர்ல உரக்கடை வச்சிருக்க அண்ணாச்சி ஒருநாள் லேமினேஷனுக்கு ஒரு தாளை நீட்டினார். தங்க முத்திரை, கழுகுப் படம். இன்டர்நெட்ல யாரோ ஆரம்பிச்ச நாடாம். இவருக்குக் குடியுரிமை குடுத்து, வேளாண்மை மந்திரியாவும் ஆக்கிட்டாங்களாம்.

"நாடு எங்கன இருக்கு அண்ணாச்சி?"ன்னேன்.

"நிலமெல்லாம் கிடையாதும்மா. நாடு மட்டும்தான்."

பங்காளி இல்லாத பூமி

பட்டா நகலுக்குக் காத்திருந்த வெவசாயம் பாக்குற சம்சாரி மாமா ஒருத்தர் இதைக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்தார். பங்காளியோட வரப்புத் தகராறுல கோர்ட்டுக்கு நடந்தே செருப்புத் தேஞ்சவர்.

"நிலமே இல்லைன்னா சர்வேயர் வரமாட்டான், பங்காளியும் வரமாட்டான். ஏட்டி, எனக்கும் அங்கன ஒரு சென்ட் இடம் பிடிச்சுக் குடு!"

மதிப்பும் மரியாதையும்

கொஞ்ச மாசம் கழிச்சு அண்ணாச்சி பதறிக்கிட்டு வந்தார். மஸ்கட்ல இருக்க மகளுக்கு எட்டாம் மாசம். தாயில்லாப் பிள்ளை, மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. இவர் போயே ஆகணும், பாஸ்போர்ட் கிடையாது. பாரத்துல 'வேற நாட்டுக் குடியுரிமை வாங்கலை'ங்கிற உறுதிமொழி வந்ததும் மனுசன் பேனாவை மூடிட்டார். "பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்."

பக்கத்து வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அக்காவைக் கூப்பிட்டேன். "நாடுன்னா நிலம், சனம், அரசாங்கம், மத்த நாடுகளோட உறவு எல்லாம் வேணும். ரோமாபுரியில சிலுவைப்போர் காலத்து வீரர் சபை ஒண்ணு நிலமில்லாமலே தூதர் அனுப்புது. ஏகப்பட்ட நாடுக அதை மதிக்கிறதால அது செல்லுது. ஒங்க நாட்டை யாரு மதிக்கா?"ன்னு கேட்டாங்க.

"ஒரே ஒரு நாடு. அதுக்கும் நிலம் கிடையாது. நாங்க அவியள மதிக்குதோம், அவிய எங்கள மதிக்குதாவ."

ராஜினாமா

அது நாடே இல்லை, தைரியமா கையெழுத்துப் போடுங்கன்னு அந்த அக்கா சொல்லியும் அண்ணாச்சிக்கு மனசு ஒப்பலை. 'குடியுரிமையைத் துறக்கிறேன்'னு ஒரு கடிதம் அடிச்சு அந்த நாட்டு ஜனாதிபதிக்கு மெயில்ல அனுப்பச் சொன்னார். மறுநாளே பதில்: ஏற்க இயலாது, தாங்கள் விலகினால் மந்திரிசபை கவிழும். அண்ணாச்சி முகம் வாடிப்போச்சு. எனக்கு வந்ததே கோவம்.

"ஒங்க மக வலி வந்து கூப்பிட்டா அந்த ஜனாதிபதியா அண்ணாச்சி போய் நிப்பாரு?"

சட்டுன்னு பேனாவைத் திறந்துட்டார்.

போன வழி

பாஸ்போர்ட் ஆபீஸ் நேர்காணலுக்குப் போற அன்னிக்கு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க"ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன். கேட்டாரா? ராஜினாமாக் கடிதத்தைத் தானா எடுத்து அதிகாரி மேஜையில வச்சிருக்கார். அந்த ஆபீசர் ரெண்டு தரம் படிச்சிட்டு, கண்ணாடியைக் கழட்டினாராம்.

"ஐயா, இந்த நாட்டை விட்டு நீங்க வெளிய வந்தது சரி. உள்ள எந்த வழியாப் போனீங்க?"

பாஸ்போர்ட் வந்து, அண்ணாச்சி மஸ்கட் போய்ப் பேரனையும் தூக்கிட்டார். நிலமில்லாம ஒரு நாட்டையே நடத்திரலாம் போல, பாரம் நிரப்பாம சொந்தப் பேரனைக் கையில வாங்க முடியாது.