அம்சத்தின் குட்டைக் களவாணி

அம்சத்துக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டுமென்றால் தெரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூலிக்கு நடவு நட்டவள். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம், கொல்லையில் ஒரு குட்டை. அதில் விட்ட கெண்டையும் கட்லாவும்தான் இந்த வருஷம் அவளைப் பாடாய்ப் படுத்தின.

மகள் இசைவாணியின் கல்யாணத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "தை மாசம் விருந்துக்கு வாங்க சம்பந்தி. கடை மீனே கிடையாது, எங்க குளத்துக் கெண்டைதான்" என்று பட்டுக்கோட்டை சம்பந்தியம்மாளிடம் சொல்லிவிட்டாள். குட்டையைக் குளம் என்றது போகட்டும், அந்த அம்மாள் அதை உறவெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். இனி மீன் இல்லையென்றால் மகள் புகுந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பாள்?

கார்த்திகையில் சந்தேகம் தட்டியது. காலையில் தவிடும் புண்ணாக்கும் பிசைந்து போட்டால் மொய்த்துக்கொண்டு வரும் மீன்கள், இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வாய் காட்டின.

முதல் பழி கொக்கின் மேல். குறுக்கும் நெடுக்குமாகத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினாள். கொக்கு வந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. அடுத்தது நீர்க்காகம். முங்கித் தின்னும் ஜாதியாயிற்றே என்று கருவை முள்ளை வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கினாள். பிறகு நீர்நாய். கரைச் சேற்றை வழித்து மெழுகிவிட்டுக் காலடித் தடம் தேடினாள். தடம் இருந்தது, அவள் வீட்டுக் கோழியுடையது. பேசாமல் போலீஸ் நாயைக் கூப்பிடேன் என்று கணவர் வைரக்கண்ணு கேலி செய்தார்.

தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்து. மிஞ்சிய மீன்களோ ஒரு சட்டிக்குக் காணாது. கடைத்தெருவில் கட்லா வாங்கி, நம் குளத்து மீன் என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் வைரக்கண்ணு. இசைவாணிக்குத் தெரியுமே, அவள் காலமெல்லாம் இந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டுமா என்று அம்சம் மறுத்துவிட்டாள்.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், யார் தின்றது? அதுதான் அவளை அரித்தது. சனிக்கிழமை காலை எல்லா வேலையையும் போட்டுவிட்டு வாழை மறைவில் உட்கார்ந்து குட்டையையே பார்த்தாள். முள்ளுக்கு நடுவில் 'ப்ளக்' என்று சத்தம். கரிய தலை ஒன்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு அமுங்கியது. பக்கத்திலேயே இன்னொன்று.

விரால்! அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள். கோடையில் வற்றிய குட்டையில் சேற்றை வாராமல், ஆற்றில் தண்ணீர் வந்த அவசரத்தில் குஞ்சு விட்டது அவளேதான். சேற்றுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து, தண்ணீர் வந்ததும் மற்ற மீன்களைத் தின்று கொழுக்கும் மீன் அது என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? திருடனை உள்ளே விட்டு வாசலைப் பூட்டியிருக்கிறாள். போதாததற்கு ஒளிந்துகொள்ள முள்ளும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். என்ன உபசாரம் பாருங்கள்!

தூண்டிலில் தவளையைக் குத்தி முள்ளோரம் போட்டாள். தவளை மட்டுமா தன் வாயால் கெடும்? பொழுது சாய்வதற்குள் ஜோடி விரால் கரையேறியது, ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

மறுநாள் இலையில் குழம்புத் துண்டைப் பார்த்த சம்பந்தியம்மாள் நிமிர்ந்தார். "கெண்டைன்னு சொன்னீங்களே?"

அடுப்படி வாசலில் இசைவாணி அசையாமல் நின்றாள். அம்சம் ஒன்றையும் மறைக்கவில்லை. கொக்கு முதல் கோழித் தடம் வரை சொல்லிவிட்டு, "கெண்டையும் உள்ளதான் இருக்கு சம்பந்தி. ஒவ்வொரு துண்டுக்கும் பத்துக் கெண்டை" என்றாள்.

சம்பந்தியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இசைவாணி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, இலையை மருமகள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ஒரு பத்துக் கெண்டை வைம்மா."