அம்மா துணி காயப்போட்ட வயர்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டுக்குக் கீழே வைத்து என் மகனின் காருக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் பூட்டினார்கள். மேலே நின்று பொத்தானை அமத்தினால் கீழே கார் தானாக ஸ்டார்ட் ஆகுமாம். நான் இறங்கிப் போவதற்குள் உள்ளே குளிர்ந்துவிடுமாம். நான் கேட்கவில்லை. வேர்வைக்குப் பயந்து ஒரு பயணத்தையும் நிறுத்தியவள் அல்ல நான். ஆனாலும் பூட்ட வந்தவர் ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகச் சீவி ஈயம் வைத்ததைக் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். இப்படி ஒன்று நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே எங்கள் வீட்டில் இருந்தது என்று சொன்னால் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். இருந்தது.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா ஹயரிங் கார், வாடகைக் கார், ஓட்டினார். கிழட்டுக் கார். விடிய எழுப்பினால் இருமும், நிற்கும், திரும்ப இருமும். ஸ்டார்ட் வந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடாமல் எடுத்தால் ஒழுங்கைச் சந்து முடிவதற்குள் நின்றுவிடும். அதற்குள் துறைமுக வாசலில் முதல் ஹயரை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். துறைமுக வேர்க்‌ஷொப்பில் எலெக்ட்ரிக் வேலை. அங்கே மேலே இருந்தவரோடு அவருக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டு, தெருவைப் பார்த்த எங்கள் முன்னறையில் கார் வயரிங் கடை ஒன்று போடவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த அறையில் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. வீட்டில் தைக்கிற அளவுக்கு வெளிச்சம் வரும் ஒரே ஜன்னலும் அங்கேதான். பக்கத்து ஒழுங்கைப் பெண்கள் பாதிப்பேருக்கு அம்மாதான் சட்டை தைத்துக் கொடுத்தார்.

அப்பா எதையும் உடனே கொடுக்கமாட்டார். சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

“நீ பெரிய கெட்டிக்காரன் எண்டால், நான் முகம் வழிக்கிற நேரம் கார் தன்பாட்டுக்கு ஸ்டார்ட் ஆகி நிக்க வேணும். கொடியேத்தம் துடங்கித் திருநாள் மட்டும் ஒரு விடியலும் பிழைக்கக் கூடாது. அப்ப அறையைத் தாறன்.”

எங்கள் சேர்ச்சில் கொடி ஏறினால் திருநாள் வரைக்கும் பத்து விடியல். இந்தப் பேச்சு முன்னறையில் வைத்தே நடந்தது. அம்மா அங்கேதான் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் நிற்கவில்லை. அம்மாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

சித்தப்பா வேர்க்‌ஷொப்பில் கழித்துவிட்ட துண்டு வயர்களைக் கேட்டு வாங்கி வந்தார். அப்பா முகம் வழிக்கும் ஜன்னலில் இரண்டு பொத்தான்கள். சாவிக்குப் பதிலாக லைட் சுவிட்சு ஒன்று, ஸ்டார்ட்டருக்குக் காலிங் பெல் பொத்தான் ஒன்று. அங்கிருந்து முற்றத்தைத் தாண்டிக் கார் நிற்கும் தகரக் கொட்டில் வரைக்கும் மூன்று வயர்களை முறுக்கி இழுத்தார். கார் முனையில் பிளக். அப்பா புறப்படும்போது சாவியைத் திருப்பிவிட்டு அதைக் கழற்றிவிட்டுப் போவார்.

எல்லாம் துண்டு வயர் என்பதால் நடுவே மூட்டுகள் இருந்தன. சித்தப்பாவுக்கு அந்த மூட்டுகளில்தான் கவனம். செம்பு மினுங்கும்வரை கத்தியால் சுரண்டுவார். முறுக்குவார். ஈயம் வைக்கும் இரும்பை அம்மாவின் அடுப்பிலேயே சூடாக்கி வயரில் பிடித்து, ஈயம் அந்த வயரின் சூட்டிலேயே உருகி உள்ளே இறங்கும்வரை பொறுத்திருப்பார். இரும்பில் உருக்கி வயரில் சொட்டவிட்டால் அது மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே தவிரப் பிடிக்காது என்பார். மூன்று வயர்களின் மூட்டும் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி வைத்தார். டேப் சுற்றியபின் என்னைத் தோளில் ஏற்றி, “இழுத்துப் பார், பிள்ளை” என்பார். நான் தொங்குவேன். ஒன்றும் கழலவில்லை.

கொடியேற்றத்தன்று விடிய அப்பா ஒரு கன்னத்தில் நுரையோடு பொத்தானை அமத்தினார். கொட்டிலுக்குள் கார் இருமி எழும்பியது. ஒழுங்கையே வந்து பார்த்தது. சித்தப்பா சேர்ட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று அம்மா அந்த வயரில் முகம் துடைக்கும் லேஞ்சிகளைக் காயப்போட்டார்.

மறுநாள் அப்பாவின் சாரங்கள். பிறகு படுக்கை விரிப்புகள். திருநாளுக்கு முன்பு வீட்டைக் கழுவித் துடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனாலும் அந்த வருஷம் அம்மா துவைத்ததுபோல் நான் ஒருநாளும் கண்டதில்லை. வாளி தூக்கியது நான்தான். விரிப்பை ஏன் பிழியாமல் போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, “பிழிஞ்சால் சுருக்கம் விழும்” என்றார். நியாயமாகத்தான் பட்டது.

முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டுவரும் பெண் படலையில் நின்று கேட்டார், “என்ன அக்கா, வீட்டுக்காரர்ட காருக்கும் சீலை உடுத்துறீங்களா?”

“திருநாள்தானே” என்றார் அம்மா.

சித்தப்பா பின்னேரம் வந்து பார்த்தார். வயர் நடுவில் தொய்ந்து கிடந்தது.

“அண்ணி, துணி போட நல்ல கயிறு வாங்கித் தரட்டே?”

“ஏன் தம்பி, இது இருக்கே. கெட்டியாத்தானே கட்டினீங்க?”

“ஓம். கெட்டியாத்தான் கட்டினனான்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் எவ்வளவு ஒற்றுமை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று பின்னேரம் சித்தப்பா ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு பக்கமும் சணல் கட்டி, பாரம் சணலில் விழும்படியும் மூட்டு அதற்குள்ளே தளர்ந்து கிடக்கும்படியும் செய்தார். அடுத்த நாள் அம்மா ஜன்னல் சீலைகளைப் போட்டார். சித்தப்பா நடுவில் ஒரு தடியை முட்டுக் கொடுத்தார். அடுத்த நாள் அடுப்பு எரிக்க அம்மாவுக்கு அந்தத் தடிதான் தேவைப்பட்டது. கார் மட்டும் ஒவ்வொரு விடியலும் எழும்பிக்கொண்டே இருந்தது.

திருநாளுக்கு முதல் நாள் அம்மா கப்பல் கம்பளியை நனைத்தார். யாரோ மாலுமி அப்பாவுக்குக் கொடுத்தது. கொழும்புச் சூட்டில் யாரும் அதைப் போர்த்தியதில்லை. தண்ணீர் குடித்த அந்தக் கம்பளியை அம்மாவும் நானும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிப்போட்டோம். வயர் ஒருமுறை முனகியது. கம்பளியின் கரை மண்ணில் முட்டியது. அது காயவுமில்லை, அதை யாரும் எடுக்கவுமில்லை.

திருநாள் விடிய அப்பா நுரையோடு ஜன்னலுக்கு வந்தார். சித்தப்பா முற்றத்தில் நின்றார். அம்மா குசினி வாசலில் நின்றார். அப்பா பொத்தானை அமத்தினார். சத்தம் வரவில்லை.

சித்தப்பா வயரைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா நெற்றியில் கைவைத்துச் சிலுவை போட்டார். காருக்காக வேண்டுகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று போட்டேன்.

“சவர்க்காரம் வழுக்குது, பொறு” என்றார் அப்பா. விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு திரும்ப அமத்தினார். கார் ஒரே மூச்சில் எழும்பியது.

“சரி தம்பி, அறை உன்ட” என்றார் அப்பா. பிறகு மற்றக் கன்னத்தை வழித்தார்.

அம்மா கம்பளியை இறக்கினார். நான்தான் மற்றப் பக்கம் பிடித்தேன்.

அடுத்த கிழமை மெஷினைப் பின்னுக்குக் கொண்டுபோய்க் குசினிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். “மெல்ல, கால் உடையும்” என்று மட்டும் அம்மா சொன்னார். சித்தப்பா அன்றைக்கே, யாரும் கேட்காமல், மெஷினுக்கு நேர் மேலே ஒரு பல்ப் போட்டார். அதற்கும் அதே மாதிரிச் சுரண்டி, அதே மாதிரி ஈயம் வைத்து, என்னை ஏற்றி இழுத்துப் பார்க்கச் சொன்னார். அம்மா பார்க்கும்படி இரண்டு தரம் போட்டு அணைத்தும் காட்டினார்.

“நல்லா எரியுது, தம்பி” என்றார் அம்மா.

சித்தப்பாவின் கடை நன்றாக ஓடியது. முன்னறையில் எப்போதும் நாலு ஆம்பிளைகள் நின்றார்கள். தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் அவர்களைத் தாண்டி உள்ளே வரக் கூசினார்கள். பிறகு வரவில்லை. எங்கள் வீட்டுச் சட்டைகளை அம்மா பின் கதவோரம் மெஷினை இழுத்துப்போட்டுத் தைத்தார். மழைக்கு இருட்டினால் கதவடியில் துணியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொள்வார். பல்பு மேலே சும்மா தொங்கியது. ஏன் போடவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“கரண்டுக்குக் காசு போகும்” என்றார்.

நான் அதை நம்பினேன். எங்கள் அம்மாவைப்போலச் சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர் இந்த ஒழுங்கையில் ஒருவருமில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.