உள்ளங்கைச் சீனி

ஊராருக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதுதான் எங்கள் தொழில். அந்தத் தொழிலால் அநியாயத்துக்கு ஆளானவர் லெட்சுமி அக்கா. நாள் முழுக்க மலையேறித் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் கையில், "தினமும் அரை மணி நேரம் நடக்கவும்" என்று அச்சடித்த தாளைத் திணித்து அனுப்பியது இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்திலுள்ள எங்கள் நீரிழிவுக் கிளினிக். பல்கலைக்கழகத்திலிருந்து உணவு ஆலோசனைப் பயிற்சிக்கு வந்திருந்த எனக்குக் கொதித்தது. பத்தியத் தாளோடு மல்லுக்கட்டிய யாருக்கும் அது புரியும்.

தாள்

அக்காவுக்கு நீரிழிவு. ஸ்கேனில் ஈரலிலும் கொழுப்பு. தாளிலோ ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், சாலட்! "இதெல்லாம் எந்தத் தோட்டத்துக் கடையில் விற்கிறது?" என்று டொக்டரிடம் சண்டைக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், முழுதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எல்லாம் சரி பிள்ளை, அவ என்ன சாப்பிடுறா எண்டு ஒருக்கா கேட்டனீரோ?"

பத்து மணித் தேத்தண்ணி

மறுநாள் மலைக்கே போய் அக்காவிடம் கேட்டேன். காலையில் கோதுமை மா ரொட்டி மூன்று, பகலுக்கும் ரொட்டி, இரவில் தட்டு நிறையச் சோறு. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதே இல்லை என்றார். சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தது. அக்கா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் சீனியைக் குவித்து, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிக்கத் தொடங்கினார். நான் எழுதியதை அவசரமாக அடிக்க, பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற பெண் சிரித்தாள்: "மிஸ், நாங்க எல்லாருமே இப்படித்தான் குடிக்கிறோம், எங்களையும் எழுதிக்குங்க!"

இரண்டு பங்கு

"இவ்வளவு சீனியா அக்கா?" என்றேன். மகள் செல்வி சின்னவளாக இருந்தபோது, பள்ளி லீவு நாளில் மலைக்கு ஓடிவந்து அந்தக் கையிலிருந்து பாதியை நக்குவாளாம். இப்போது கொழும்பில் துணிக்கடையில் வேலை. கடந்த இரண்டு தீபாவளிக்கும் வரவில்லை. அக்கா பஸ் திரும்பும் வளைவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆளு இல்லாட்டியும் அவ பங்கையும் சேத்தே எடுக்கிறேன் மிஸ், கை பழகிப்போச்சு."

பதில்

டொக்டரும் நானும் புதுத் தாளைக் கையால் எழுதினோம். ரொட்டியைக் குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டினோம். இரவுச் சோறு பாதி, சீனி அறவே இல்லை. எடை மெல்ல இறங்கினால் ஈரல் கொழுப்பும் இறங்கும் என்றார் டொக்டர். நடை பற்றி ஒரு வரிகூட எழுத நான் விடவில்லை.

"மக வர்றப்ப நான் படுக்கையில கிடக்கக் கூடாது" என்று தாளை மடித்தார் அக்கா. அப்படியானால் சீனியை விடுவீர்களா என்று விடாமல் கேட்டேன். மடித்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்:

"விட்டுடுறேன் மிஸ். ஆனா அவ வந்து, 'அம்மா, கைய நீட்டு'ன்னா மட்டும், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கணும்."