மெருகேறிய முகமும் திறக்காத கதவும்

சீனாவின் செங்டு நகரில் எங்கள் குடியிருப்புக்கு நான்தான் வாசல் காவலாளி. தாங் யூஃபென் அளவுக்கு என் பிராணனை வாங்கியவர் இங்கே வேறு யாருமில்லை.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையானால் குடியிருப்புப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு சதுக்கத்தில் நடனம். ஆடி முடித்ததும் கூட்டமாக செல்ஃபி. தன் முகத்தை மட்டும் மெருகேற்றிவிட்டுத் தோழிகளை அப்படியே விடுவது எங்கள் ஊரில் பச்சைத் துரோகம். அதனால் யூஃபென் போனோடு உட்கார்ந்து எல்லோர் தாடையையும் செதுக்கி, கண்களை அகலமாக்கி, அப்புறம்தான் குழுவில் போடுவார்.

குடியிருப்பு வாசலுக்கு முகம் பார்த்துத் திறக்கும் கதவு வந்தபோதும் அதே பெரிய மனசு. கோஷ்டி மொத்தத்துக்கும் தானே படங்களை மெருகேற்றிப் பதிந்துவிட்டார். அன்று மாலை ஒருத்தியையும் கதவு உள்ளே விடவில்லை.

"என்னய்யா மௌ, இது குருட்டுக் கதவா?"

"அதுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு அக்கா. நீங்க குடுத்தது உங்க பேத்தி போட்டோ மாதிரி இருக்கு."

"அதுதான்யா நான். கண்ணாடில தெரியறது வெறும் தூக்கக் கலக்கம்."

மற்றவர்கள் முணுமுணுத்தபடி வேறு படம் கொடுத்தார்கள். இவர் மட்டும் அசையவில்லை. கதவு திறக்கும்போது நாம் கொடுத்த படம் திரையில் பெரிதாக வரும், வரிசையே பார்க்கும். "அந்த மூஞ்சிய ஊருக்குக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்னா, எனக்கு வீடே வேணாம்" என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. தினமும் பொத்தானை அமுக்கி நானே திறந்துவிட்டேன்.

புதிதாக வந்த மேனேஜர் கோங் கேமராவில் பார்த்துவிட்டார். "இனிமே பொத்தான்ல கை வச்சா உன் வேலை காலி. திங்கக்கிழமைக்குள்ள அந்தம்மா நிஜ போட்டோ குடுக்கணும். இல்லன்னா வெளியவே நிக்கட்டும்."

திங்கட்கிழமை கொட்டும் மழை. காய்கறிப் பையோடு யூஃபென் வெளியே நின்றார். படம் கொடுக்கவில்லை. தினமும் காரில் பின்வாசல் வழியாக வரும் கோங், கார் பழுதாகி அன்று நடந்து வந்தார். முகத்தைக் காட்டினார். 'அடையாளம் தெரியவில்லை' என்றது கதவு. துடைத்துக்கொண்டு மறுபடி காட்டினார். அதே பதில்.

என் அறைத் திரையில் அவர் பதிந்த படத்தைப் பார்த்தேன். நெற்றியே தெரியாத அளவுக்கு முடி, ஒட்டிய கன்னம்! நேரில் பார்த்தால் உச்சி வரை நெற்றிதான், கன்னமும் உப்பல்.

"மௌ, பொத்தான அமுக்குய்யா."

"வேலை போயிடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

யூஃபென் என் ஜன்னல் வழியாக அந்தப் படத்தை எட்டிப் பார்த்தார். கேலி செய்யப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கக்கூட இல்லை. கழுத்திலிருந்த கறுப்புத் துண்டை எடுத்து மடித்து, கோங்கின் தலையில் வைத்து நெற்றி வரை இழுத்துவிட்டார்.

"அசையாதீங்க தம்பி. கன்னத்த உள்ள இழுங்க. இன்னும் கொஞ்சம்."

'வருக, கோங்!' என்று கதவு திறந்தது. முடி அடர்ந்த கோங் திரை முழுக்கச் சிரித்தார். வரிசையே பார்த்தது.

"எவ்வளவு லட்சணமா இருக்கீங்க!" என்றபடி யூஃபென் அவர் முதுகோடு ஒட்டி உள்ளே நுழைந்துவிட்டார்.

கோங் துண்டைக் கழற்றாமலே நாலடி நடந்தார். பிறகு என் ஜன்னலுக்குத் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா வந்தா பொத்தான அமுக்கிடு. நான் வந்தாலும்."