பாயிண்ட் சொல்லும் அக்கா

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஒரு மாதப் பயிற்சி. கல்வராயன் மலையிலிருந்து வரும் மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தை, அதாவது பாயிண்டை, மெஷினில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

விவசாயிகளோ லோடு இறக்கும் அக்காவின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தலையில் துண்டு கட்டிய அவர், ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்து, "இருபத்தாறு" என்பார். மெஷினும் அதையே காட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நான் மெஷினைப் பார்த்து இருபத்தொன்பது என்றேன். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, கழுவாம போட்டுட்டியா? மண்ணுக்கும் சேத்து பாயிண்ட் சொல்லிக்கினு இருக்க."

மேனேஜர் வரைக்கும் சிரித்தார்கள்.

படிப்பு முடிந்ததும் அதே ஆலைக்கு விண்ணப்பம் எழுதினேன். அனுப்பும் முன் வாட்ச்மேனுக்குப் போன் செய்து, அந்த அக்கா இன்னும் வருகிறாரா என்று கேட்டேன்.

"தெனமும் வர்றாங்களே. இன்னா விஷயம்மா?"

விண்ணப்பம் இன்னும் என்னிடமே இருக்கிறது.